வேலியில் நின்ற டியூலிப் மரம்

மார்ச் மாதம் வந்தால் நமது பேஸ்புக் ரோஸ் நிறமாகிவிடும். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகள், ஒரு இலை கூட இல்லாமல் கோப்பை கோப்பையாகப் பூத்து நிற்கும் மரத்தின் கீழே நின்று போட்டோ போடுவார்கள். அதுதான் மக்னோலியா. கீழே கமென்ட் வரிசை கட்டும். "மாஷா அல்லாஹ்! இது நம்ம ஊர்ல வளருமா?" "கன்று எங்க எடுக்கலாம்?" இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒரு விற்பனைப் பக்கம் முளைத்து, அதே மாதிரி ஒரு போட்டோவைப் போட்டு, "மக்னோலியா கன்று, டியூலிப் மரக் கன்று, வீட்டுக்கே டெலிவரி" என்று விலையும் சொல்லிவிடும்.

நாங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். ஆகவே இந்தக் கேள்வி எங்களிடமும் அடிக்கடி வருகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள், பிள்ளையின் புள்ளிகளைக் கேட்டு முடித்த கையோடு போனை நீட்டி, "சேர், இந்த மரம் வீட்டு முற்றத்துக்குச் சரிவருமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இன்பொக்ஸில் எழுதுவதற்குப் பதிலாக இங்கே மொத்தமாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

வீடு கட்டி, மதில் எழுப்பி, கேட் போட்டு, கடைசியில் "ஒரு நல்ல மரம் வைக்க வேண்டும்" என்று நினைக்கிறார்களே, அந்த நினைப்பே பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாம் மரத்தை வாங்குவதில்லை, பெயரைத்தான் வாங்குகிறோம். டியூலிப் மரம் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று மரங்கள் இருக்கின்றன. ஒன்று நமது நாட்டில் வைத்துப் பயனில்லாதது. இன்னொன்று வைக்கவே கூடாதது. மூன்றாவது நம் உம்மாமார், வாப்பாமார் வேலியில் நின்றது. அதைத்தான் நாம் வெட்டிவிட்டோம்.

முதலில் லண்டன் போட்டோவை முடித்துவிடுவோம். அது பெரும்பாலும் இரண்டு சீன மக்னோலியாக்களின் கலப்பு. நெப்போலியனின் படையில் இருந்து ஓய்வு பெற்ற சூலாஞ்ச் போடின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் பக்கத்தில் இருந்த தன் தோட்டத்தில் 1820இல் உண்டாக்கியது. குளிர்காலம் முழுக்க மொட்டை மூடி வைத்துக்கொண்டு உறங்கும். குளிர் விலகியதும், இலை வருவதற்கு முன்பே பூத்துவிடும். அந்த உறக்கம்தான் அதன் கணக்கு. நமது கரையோரத்தில் அது எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது? ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது நமக்கே மூச்சு முட்டுகிறது. ஆகவே லண்டனில் இருக்கும் பிள்ளையின் போட்டோவுக்கு லைக் போடுவோம். கன்று தேட வேண்டாம்.

அமெரிக்காவின் பெரிய வெள்ளைப் பூ மக்னோலியாவையும் சிலர் கேட்கிறார்கள். அது இலையுதிராத மரம், நல்ல மரம். ஆனால் நமது வெள்ளை மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் அதன் ஊர் அல்ல.

இனி டியூலிப் மரம். இந்தப் பெயரோடு பிறந்த மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் லிரியோடென்ட்ரன். மக்னோலியாவின் சொந்தக்காரி, ஒரே குடும்பம். இலையின் நுனியைக் கத்தரியால் நறுக்கிவிட்டது போல இருக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த பூவின் உள்ளே செம்மஞ்சள் பட்டை ஒன்று ஓடும். காட்டில் 150 அடிக்கு மேலும் வளரும். பூ உச்சியில் இருப்பதால் கீழே நிற்பவருக்கு மரம் பூத்திருப்பதே தெரியாமல் போகலாம். அங்கத்தைய பூர்வகுடிகள் இதன் அடிமரத்தைக் குடைந்து தோணி செய்தார்கள். ஜோர்ஜ் வொஷிங்டன் தன் மவுண்ட் வேர்னன் தோட்டத்தில் நட்டவை 200 வருடங்களைத் தாண்டியும் நின்றிருக்கின்றன. அப்படிப்பட்ட மரத்துக்கு வேண்டியது தோட்டமும் குளிர்காலமும். நம்மிடம் இருப்பது 8 பேர்ச்.

"டியூலிப்" என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பாருங்கள். துருக்கியர் அந்தப் பூவை லாலே என்பார்கள். தலைப்பாகைத் துணிக்கு அவர்கள் சொன்ன துல்பெந்த் என்ற சொல்தான் ஐரோப்பாவுக்குப் போய் டியூலிப் ஆனது. பூ தலைப்பாகை போல இருந்ததாம். பிறகு ஐரோப்பியர் போன நாடெல்லாம் கோப்பை வடிவத்தில் எந்த மரம் பூத்தாலும் அதற்கு டியூலிப் மரம் என்று பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். குழப்பம் அங்கே தொடங்கியது.

இரண்டாவது மரம்தான் எங்கள் கவலை. ஆபிரிக்க டியூலிப். கண்டிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவில் பச்சைக்கு நடுவே நெருப்புப் பிடித்தது போலச் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும். மொட்டுக்குள் தண்ணீர் இருக்கும். பிள்ளைகள் அதை நசுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி விளையாடுவார்கள். அழகு என்றால் அழகுதான், மறுக்கவில்லை. கடந்த வருடம் ஒரு பெற்றோர் எங்கள் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்த "டியூலிப்" கன்றும் இதுதான். விற்றவர் மக்னோலியாக் குடும்பம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அது மக்னோலியாவுக்கு எந்த வகையிலும் சொந்தம் இல்லை.

இது மேற்கு ஆபிரிக்காவின் மரம். விதை மெல்லிய தாள் போல, இறக்கை வைத்தது. காற்று எங்கே கொண்டுபோனாலும் முளைக்கும். வெட்டினால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். உலகின் மோசமான ஆக்கிரமிப்பு இனங்கள் 100 என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதற்கும் இடம் இருக்கிறது. மரம் மென்மையானது, காற்றுக்குக் கிளை முறியும். அதன் பூவுக்குள் கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பிரேசிலில் ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். மாவனல்லை, அக்குறணை, கம்பளைப் பக்க உறவுகளே, உங்கள் காணியில் இது தானாக முளைத்து நின்றால், பூக்கிறதே பாவம் என்று விட்டுவைக்க வேண்டாம். கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வீட்டுக் கூரைக்கு மேல் வளர்ந்த பிறகு அதை வெட்ட ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அதைக் காசு கொடுத்து வாங்கிக் கிழக்குக்குக் கொண்டுவருகிறவர்களை நினைத்தால்தான் எங்களுக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது மரத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர் இலங்கையில் டியூலிப் மரம் என்று சொன்னது வேறு எதையும் அல்ல, நமது பூவரசைத்தான். சிங்களத்தில் சூரிய, கன்சூரிய. மதராஸ் பக்கத்து ஆங்கிலேயருக்குப் பூவரசு என்ற சொல் வாயில் நுழையாமல் போர்ஷியா என்றாகிவிட்டது. ஆங்கிலப் புத்தகத்தில் போர்ஷியா மரம் என்று வாசிக்கும் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் போர்ஷியாவை நினைக்கிறார்கள். அது நம் வேலிப் பூவரசின் பெயர்தான், கோட்டும் சூட்டும் போட்டு வந்திருக்கிறது.

மக்னோலியாக் குடும்பமா என்றால், இதுவும் இல்லை. செவ்வரத்தைக்கும் பருத்திக்கும் சொந்தம். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரியும், நடுவே கரும் சிவப்பு. மாலையானதும் ரோஸ் கலந்த ஊதாவாக மாறி வாடும். ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூவைப் பார்த்து, ஒட்டுமரமா சேர் என்று கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளிடம் ஒரு பூவைக் கொடுத்து, மணிக்கு ஒரு தரம் நிறத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தத் தேவையே வராது.

இது கடலோரத்துக்கு என்றே உண்டான மரம். காய் கடல் தண்ணீரில் மிதந்து போய்க் கரை சேர்ந்து முளைக்கும். அதனால்தான் மாலைதீவிலும் நிற்கிறது, ஹவாயிலும் நிற்கிறது. ஹவாய்க்காரர் இதன் மரத்தைக் குடைந்து சாப்பாட்டுக் கிண்ணம் செய்வார்கள். உப்புக் காற்றும் மணல் தரையும் இதற்குப் பிரச்சினை இல்லை. வைரம் ஏறிய பலகை கரும் சிவப்பாக, உறுதியாக இருக்கும். மாட்டு வண்டிக்கு வாங்குவார்கள். இலையை யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்த்தினார்கள். நமது பக்கத்தில் ஆட்டுக்குக் குழை. சின்னப் பிள்ளைகள் இலையைச் சுருட்டி ஊதினார்கள். இப்போது இந்த வேலை எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகக் கடையில் சாமான் வாங்குகிறோம்.

ஒல்லாந்தர் காலிக்கும் கொழும்புக்கும் வந்தபோது, தங்கள் ஊர் வழக்கப்படி வீதியோரம் நிழல்மரம் வைக்கத் தேர்ந்தெடுத்தது இந்த மரத்தைத்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் அதன் குளிர்ச்சியைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கூடவே இதில் வரும் மயிர்க்கொட்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நூல் விட்டு இறங்கி, கீழே நிற்பவரின் மேலில் ஏறிக் கொட்டுமாம். ஆக, "சேர், பூவரசு வச்சா மயிர்க்கொட்டி வருமே" என்று இப்போது சொல்கிறவர்களின் முறைப்பாட்டுக்கு 150 வருடத்துக்கு மேல் வயது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மயிர்க்கொட்டி வருகிறது என்று நிழலை விட்டுவிடவில்லை.

இந்தப் பூவுக்கு நம் நாட்டு அரசியலிலும் ஒரு இடம் உண்டு. முதலாம் உலகப் போர் முடிந்த நாளை நினைத்து ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் இங்கே பொப்பிப் பூ விற்பார்கள். சேர்ந்த காசில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போனது. இலங்கையிலிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அதை எதிர்த்து 1931இல் பொப்பிக்குப் பதிலாகச் சூரிய மலர் விற்கத் தொடங்கினார்கள். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். தலைவியாக இருந்தவர் இங்கிலாந்தில் பிறந்த டொரீன் விக்கிரமசிங்க. 1934, 35இல் மலேரியா நாட்டை உலுக்கியபோது, அந்தப் பூ விற்ற இளைஞர்கள்தான் மருந்தோடும் சாப்பாட்டோடும் கிராமங்களுக்குப் போனார்கள். 1935 டிசம்பரில் அவர்களிலிருந்து லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. சூரிய மல் இயக்கம் என்று கேள்விப்பட்டவர்கள் கூட அது எந்தப் பூ என்று கேட்டால் சூரியகாந்தி என்கிறார்கள். அது பூவரசம் பூ.

சரி, இவ்வளவு சிறப்பான மரம் எங்கே போனது? இதைப் பேசாமல் எந்த மரம் வைப்பது என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

கிழக்குக் கரையில் நம் ஊர்களில் முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் வளவு என்றால் பூவரசங் கதியால் போட்ட வேலிதான் நினைவுக்கு வரும். கதியால் தழைக்கும், மரமாகும். வருடம் ஒருமுறை கொப்பு வெட்டுவார்கள், குழை ஆட்டுக்கு, விறகு அடுப்புக்கு. பிறகு பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற நமது வழக்கத்தில் உம்மாவின் 40 பேர்ச் வளவு நான்காகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு. நடுவே வேலி நின்ற இடத்தில் மதில். மதிலின் அத்திவாரத்துக்கு மரம் இடைஞ்சல், ஆகவே மரம் போனது. மிச்சம் இருந்த மண்ணில் சேறு படுகிறது என்று இன்டர்லொக் கல் பதித்தோம். இப்போது மாரி மழை கல்லின் மேல் ஓடி வீதிக்குப் போகிறது, வீதி குளமாகிறது, பிரதேச சபையை ஏசுகிறோம்.

மகளுக்கு வீடு கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. அந்த வழக்கத்தால்தான் நம் பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் தங்கள் சொந்த வீட்டில், தங்கள் உம்மாவின் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஆனால் அந்த வீட்டின் உள்ளே பகல் முழுக்க இருப்பதும் அந்தப் பெண்கள்தான். நமக்கு அலுவலகம் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, அஸருக்குப் பிறகு கடற்கரை இருக்கிறது. அவர்களுக்கு மூன்று மணி வெயிலில் சூடேறிய கொங்கிரீட் சுவரும் தகரக் கூரையும். மேற்குப் பக்கம் ஒரு மரம் நின்றால் அந்தச் சுவர் சூடேறாது. இது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஏசி வாங்க மாதத் தவணை கட்டுகிறோம். கதியாலுக்குத் தவணை இல்லை.

"இலை விழுகிறது" என்பது அடுத்த முறைப்பாடு. பக்கத்து வளவில் இலை விழுந்ததற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன சகோதரிகளை எங்களுக்குத் தெரியும். ஒரே உம்மாவின் பிள்ளைகள், ஒரே வளவில் விளையாடியவர்கள். இலையைக் கூட்டி மரத்தடியிலேயே குவித்தால் பசளை. ஒரு பெருக்குமாற்று வேலையைக் கோபமாக வளர்த்தெடுப்பது நம் ஊரின் தனித் திறமை.

"காய்க்காத மரம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. மா வையுங்கள், கொய்யா வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? மரம் நட்டு அதில் மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் நட்டவருக்கு சதகா என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிருகமும் அதில் வருகிறது, கவனித்தீர்களா? பூவரசங் குழையைத் தின்கிற ஆட்டின் கணக்கும் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.

மலையக உறவுகளுக்கு மக்னோலியா ஆசை இருந்தால், அதை நிறைவேற்றிக்கொள்ள லண்டன் வரை போகத் தேவையில்லை. செண்பகம் மக்னோலியாதான். பழைய தாவரவியல் புத்தகங்களில் அதற்கு மிஷேலியா என்று தனி இனப் பெயர் இருந்தது. பிறகு மரபணுவைப் பார்த்த ஆய்வாளர்கள் அதுவும் மக்னோலியாவுக்குள்தான் அடங்கும் என்று சேர்த்துவிட்டார்கள். இப்போதைய பெயர் மக்னோலியா சம்பக்கா. முன்பாதி பியர் மக்னோல் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயர், பின்பாதி நமது சண்பகம். சிங்களத்தில் சபு. கண்டிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் நிற்பது, தச்சர்கள் கதவுக்கும் கூரைக்கும் பலகை எடுப்பது. உங்களில் பலர் இதை மக்னோலியாக் கூரையின் கீழே உட்கார்ந்துதான் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியாக் காடுகளில் வல் சபு என்று இன்னொரு மக்னோலியா வெள்ளையாகப் பூக்கிறது. அது நமது நாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் உரியது. அதைக் காட்டில் பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடுவோம், தோண்டி எடுக்க வேண்டாம்.

வகுப்பில் செண்பகம் என்றால் பிள்ளைகள் பறவையைத்தான் நினைக்கிறார்கள், அந்தச் சிவப்புக் கண்ணும் செம்பழுப்பு இறக்கையும். பூவைப் பார்த்த பிள்ளை வகுப்பில் இரண்டு பேர்கூட இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் திறந்து பேச வேண்டும். செண்பகம் என்றதும் நம்மவர்களில் சிலர், "அது கோயில் மரமாச்சே, நம்ம வளவுக்கு எதுக்கு?" என்கிறார்கள். நேரிலும் கேட்டிருக்கிறோம், கமென்டிலும் பார்த்திருக்கிறோம். அவர்கள் ஆச்சேயைக் கொஞ்சம் பார்க்கட்டும். இந்தோனேசியாவில் ஷரீஆ சட்டம் நடைமுறையில் உள்ள மாகாணம், 2004 சுனாமியில் நம்மைவிட மோசமாக அடிபட்ட ஊர். அந்த மாகாணத்தின் மலர் செண்பகம்தான். பூங்கொங் ஜெம்பா என்பார்கள். மலாய் பேசும் முஸ்லிம்கள் பெண் பிள்ளைகளுக்குச் செம்பாக்கா என்று பெயரும் வைக்கிறார்கள். நாம் ஜும்ஆவுக்குப் பூசிக்கொண்டு போகும் அத்தர்களில் செண்பக அத்தரும் ஒன்று. போத்தலில் வந்தால் நம்முடையது, மரத்தில் நின்றால் மற்றவருடையதா? கோயிலிலும் பன்சலையிலும் ஒரு பூவை வைக்கிறார்கள் என்பதற்காக அது நமக்கு ஆகாது என்றால், மல்லிகையையும் விட வேண்டிவரும். கலியாண வீட்டில் என்ன செய்வது?

ஆனால் செண்பகம் வைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அது பெரிய மரம், 100 அடி தொடக்கூடியது. ஆழமான, ஈரம் நிற்கிற, ஆனால் தண்ணீர் தேங்காத மண் கேட்கும். உப்பு ஆகாது. ஆகவே மலையகத்திலும் ஈரவலயத்திலும் 20, 30 பேர்ச் காணி உள்ளவர்கள், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மின்சாரக் கம்பி போகாத பக்கத்தில் வையுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூப் பார்க்க எட்டுப் பத்து வருடம் ஆகலாம். ஒட்டுக் கன்று இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். விதை போடுகிறவர்கள், பழம் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்ததும் எடுத்து, மேல் சதையைத் தேய்த்துக் கழுவி, உடனே ஊன்றிவிட வேண்டும். காயவைத்து அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் ஊன்றினால் முளைக்காது. குக்குறுவானும் மைனாவும் உங்களுக்கு முன்பே வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இடம் குறைவு, ஆனால் மக்னோலியா வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் வெள்ளைச் செண்பகம் இருக்கிறது. அதில் விதை கட்டுவது அரிது, ஒட்டுக் கன்றாகத்தான் வரும். பெரிய சாடியிலும் வைக்கலாம், வெட்டி வெட்டிச் சிறிதாக வைத்திருக்கலாம். கரையோரத்தில் முயற்சி செய்கிறவர்கள் கச்சான் காற்று படாத மூலையில், மதிலின் கிழக்குப் பக்கமாக வைத்து, உப்பில்லாத தண்ணீர் ஊற்றுங்கள். மணம் வாசல் தாண்டிப் போகும். ஆனால் நிழலை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கரையோரத்து 8, 10 பேர்ச் வளவுக்கு எங்கள் சிபாரிசு பூவரசுதான். ஒரே ஒரு மரம் போதும். வீட்டின் மேற்குப் பக்கம், சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எட்ட வையுங்கள். வருடம் ஒரு தரம் மாரிக்கு முன் கொப்பைக் குறையுங்கள். குறைக்காமல் விட்டால் அது படர்ந்து கூரையில் ஏறும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. காய்க்கும் காலத்தில் சிவப்பு நிறத்தில் சின்னப் பூச்சிகள் கூட்டமாக வரும். பருத்திக்கு வருகிற அதே பூச்சிதான், நம்மைக் கடிக்க வருவதில்லை. மயிர்க்கொட்டி கண்டால் அந்தக் கொப்பை வெட்டி அப்புறப்படுத்துங்கள், மரத்தை அல்ல. பலகைக்கு நேரான மரம் வேண்டுமென்றால் விதையில் முளைக்க வையுங்கள், கதியாலில் வருவது கோணல் மாணலாகத்தான் போகும். நிழல் மட்டும் போதும் என்றால் கதியாலே வேகம்.

பாடசாலைகளிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் பொறுப்பில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரநடுகை என்றால் அதிதி வருகிறார், பெனர் கட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம். நடுகிற கன்றின் பெயரை யாரும் கேட்பதில்லை. இனிமேல் அன்பளிப்பாகக் கன்று வந்தால், இலையைப் பார்த்து இன்ன மரம் என்று நிச்சயப்படுத்திய பிறகு குழி தோண்டுங்கள். எதிர் எதிராக இறகு போலப் பிரிந்த கூட்டிலை என்றால் அது ஆபிரிக்க டியூலிப்பாக இருக்கலாம். அரசிலை போல இதய வடிவத்தில் தனி இலை என்றால் பூவரசு. நீண்ட, நுனி கூர்ந்த தனி இலையும், இலைக்காம்பு சேரும் இடத்தில் தண்டைச் சுற்றி வளையம் போன்ற தழும்பும் இருந்தால் செண்பகமாக இருக்கலாம். அந்த வளையத் தழும்பு மக்னோலியாக் குடும்பத்தின் அடையாளம். அது இல்லாத கன்றை எவர் மக்னோலியா என்று சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

எங்கள் பாடசாலையின் பின்வளவில் பழைய பூவரசு இரண்டு நிற்கின்றன. புரட்டாதிக் கடைசியில் கொப்புக் குறைப்போம். ஐந்தடி நீளத்தில் நல்ல கதியால்கள் முப்பது நாற்பது வரும். வேண்டியவர்கள் கமென்டில் பெயரைப் போடுங்கள், வெட்டும் சனிக்கிழமையை முன்கூட்டியே அறிவிப்போம். காலை எட்டு மணிக்குள் வந்தால் எடுத்துப் போகலாம். காசு இல்லை. வெட்டிய முனை காயாமல் சுற்றிக்கொள்ள ஒரு ஈரச் சாக்கை மட்டும் கொண்டு வாருங்கள். அன்று அஸருக்கு முன் நட்டுவிட வேண்டும்.